எட்டு லட்டு, ஒரு சிட்டு: வீட்டிலேயே ஒரு எதுகைப் படப் புத்தகம்

தமிழில் 247 எழுத்து என்றதுமே பயந்துபோய் அட்டவணையை வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். பிள்ளையும் அ, ஆ, இ, ஈ என்று ராகமாக ஒப்பிக்கும், ஆனால் ‘தட்டு’ என்று தனியாக எழுதிக் காட்டினால் திருதிருவென்று முழிக்கும். என் வீட்டிலும் இதே கதைதான். அப்புறம்தான் நானே ஒரு புத்தகம் செய்தேன். இரண்டு ஏ4 தாள், ஸ்டேப்ளர், கிரேயான், ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

முதல் வேலை, சொல் பிடிப்பது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்தோமே எதுகை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, அதுதான் இங்கே கைகொடுக்கிறது. தட்டு, லட்டு, எட்டு, சிட்டு: பின்னால் இருக்கும் ‘ட்டு’ அசையாமல் நிற்கிறது, முதல் எழுத்து மட்டும் மாறுகிறது, ஆக ஒன்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்ததில் பாதி வேலை மிச்சம். காதுக்கு ஒத்துப்போகிறதே என்று வழியையும் கிளியையும் ஒரே புத்தகத்தில் சேர்த்துவிடாதீர்கள், பேச்சில் நம்மில் பலருக்கு ‘ழி’யும் ‘ளி’யும் ஒன்றுதான், எழுத்து வேறு. ‘தடு’வும் வேண்டாம். ‘ட’ ஒற்றையாக வந்தால் ஓசை மெலிந்துவிடும், அது இன்னொரு நாள் பாடம்.

அடுத்து வரிகள். நான் எழுதியது இது:

இது தட்டு.
தட்டில் எட்டு லட்டு.
வந்தது சிட்டு.
தின்றது லட்டு.
பறந்தது சிட்டு.
எங்கே லட்டு?
இதோ தட்டு!

மகாகாவியம் இல்லைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள், திரும்ப வருவதை விட்டுவிட்டால் மொத்தமே 11 சொற்கள், ஒவ்வொரு வரியும் ‘ட்டு’ என்றே முடிகிறது. (1960-ல் வந்த டாக்டர் சூஸின் ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ முழுப் புத்தகமும் 50 வெவ்வேறு ஆங்கிலச் சொற்களில் முடிந்துவிடும், நமக்கு 11 தாராளம்.) ‘தட்டில்’ கொஞ்சம் இடறும், முதல் சில நாள் அதை நீங்களே படித்துவிடுங்கள். சந்தி சேர்ந்து சொற்கள் ஒட்டிக்கொள்ளும் வரிகளைத் தவிர்த்துவிடுங்கள், சொல்லுக்குச் சொல் விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும்.

தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாதியாக மடித்து, மடிப்பில் ஸ்டேப்ளர் அடித்தால் 8 பக்கம். முதல் பக்கம் அட்டை, மீதி ஏழுக்கும் ஏழு வரி. மடித்து அடித்த பிறகுதான் எழுத வேண்டும். நான் முதலில் எழுதிவிட்டு அப்புறம் மடித்தேன், சிட்டு வருவதற்கு முன்பே லட்டு காலி. ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம், பின்பக்கம் ஊறிவிடும்.

படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு பெயர் சொல்லும்படி இருந்தால் சரி. என் தட்டைப் பார்த்து என் பெண் ‘பிளேட்டு’ என்றாள், லட்டைப் பந்து என்றாள். லட்டின் மேல் ஒரு முந்திரி வரைந்ததும் பிரச்சினை தீர்ந்தது.

இனி படிப்பது. இரண்டு மூன்று நாள் நீங்களே விரல் வைத்துப் படியுங்கள், அவசரமே இல்லை. அப்புறம் ‘வந்தது…’ என்று நிறுத்துங்கள். ‘சிட்டு!’ என்று கத்தும். ஒரு வாரத்தில் முழுப் புத்தகமும் மனப்பாடம் ஆகிவிடும், என் பெண் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ‘படித்தாள்’. அது படிப்பு இல்லை, ஆனால் தப்பும் இல்லை, திட்டாதீர்கள். அந்தக் கட்டம் வந்ததும் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கேளுங்கள். வாய் முந்தாமல் கண் முதல் எழுத்தில் போய் நின்று, ‘ல… லட்டு’ என்று தயங்கி வந்தால் படிக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவது புத்தகம் நடக்கிறது: மூக்கு, நாக்கு, பாக்கு.