லாக்அவுட் ஆனால் குற்றவாளி ஃபோட்டோசெல்தானா? பர்னர் ஃப்ளேம் சென்சாரில் நாம் செய்யும் தவறுகள்

"சார், பர்னர் மறுபடி மறுபடி லாக்அவுட் ஆகுது. ஃபோட்டோசெல் போயிருச்சு போல. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

பர்னர் சர்வீஸ் வேலையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கும். லாக்அவுட் என்றால் பர்னர் தானாக எரிபொருளை மூடிக்கொண்டு, ரீசெட் பண்ணும்வரை ஓடாமல் நிற்பது. ஃபோட்டோசெல் என்பது தீயின் வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார். போய்ப் பார்த்தால் செல் நன்றாகவே இருக்கும். அதன் கண்ணாடி முகத்தில் மட்டும் கரி அப்பியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு துடைத்து மாட்டினால் பர்னர் ஓடும். ஆபரேட்டருக்கு நிம்மதி, முதலாளிக்கும் நிம்மதி. நாலு நாள் கழித்து அதே அழைப்பு திரும்ப வரும்.

செல்லில் கரி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாசில் தேய்ந்து ஆயில் சரியாகச் சிதறாமல் போயிருக்கலாம். ஏர் டேம்பர் நகர்ந்து காற்று குறைந்திருக்கலாம். தீ சரியாக எரியவில்லை என்பதைத்தான் அந்தச் செல் கரி பூசிக்கொண்டு காட்டுகிறது. அதைத் துடைத்துவிட்டுப் போவதும், புதுச் செல் போட்டுவிட்டுப் போவதும் ஒன்றுதான். இரண்டிலும் நோய் அப்படியே இருக்கிறது.

சென்சாரின் வேலை ரொம்ப எளிது. பர்னர் கிளம்பும்போது முதலில் ஃபேன் ஓடி உள்ளே தங்கிய வாயுவை வெளியே தள்ளும். இதைப் பர்ஜ் என்போம். பிறகு ஸ்பார்க் வரும், எரிபொருள் வால்வு திறக்கும். அடுத்த சில வினாடிகளுக்குள் 'தீ இருக்கிறது' என்று சென்சார் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண்ட்ரோலர் வால்வை மூடி லாக்அவுட்டுக்குப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தீ அணைந்தாலும் அதே கதைதான்.

இதில் சென்சார் இரண்டு விதமாகப் பொய் சொல்லலாம். இருக்கிற தீயை இல்லை என்று சொன்னால் உற்பத்தி நிற்கும், போன் வரும், திட்டு விழும். இல்லாத தீயை இருக்கிறது என்று சொன்னால் போன் வராது. வால்வு திறந்தபடி இருக்கும், எரிபொருள் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். நாம் பதறுவதெல்லாம் முதல் பொய்க்குத்தான். உயிரை வாங்குவது இரண்டாவது. இந்த வேலையில் நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாமே முதல் பொய்யிலிருந்து தப்பிக்கப் போய் இரண்டாவதற்கு வழி செய்து கொடுத்தவைதான்.

டியூப்லைட்டைக் காட்டி ஓட்டுவது

ஒரு சாயப்பட்டறையில் நேரில் பார்த்தேன். ஃபோட்டோசெல் அதன் இடத்தில் இல்லை. வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடி முடிகிறவரை ஆபரேட்டர் அதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார். வால்வு திறக்கும் சத்தம் கேட்டதும் கையை விரித்து மேலே எரியும் டியூப்லைட்டுக்குக் காட்டினார். பழகிய கை, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "ரெண்டு மாசமா இப்படித்தான் ஓட்டுறோம்ணே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லாக்அவுட் ஆனால் அவரைத்தான் கேட்பார்கள். நாசில் வாங்கித் தர ஆள் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 லிட்டர் டீசல் எரிக்கும் பர்னர் நிமிடத்துக்கு 1 லிட்டர் தெளிக்கிறது. தீ பிடிக்காமல் அரை நிமிடம் போனால் அரை லிட்டர். சூடான செங்கல் மேல் விழுந்து அது ஆவியாகி, காற்றோடு கலந்து, தீப்பொறிக்குக் காத்திருக்கும். பிறகு நடப்பது வெடிப்பு. கதவு பறக்கும், புகைபோக்கி பிளக்கும். கதவுக்கு எதிரே நிற்பவர் அந்த ஆபரேட்டராகத்தான் இருப்பார்.

ரீசெட் பட்டனை விடாமல் அமுக்குவதும் இதே வகைதான். ஒவ்வொரு தோல்வி முயற்சியிலும் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கும். ஒருமுறை ரீசெட் பண்ணிப் பாருங்கள், சரி. மறுபடி லாக்அவுட் ஆனால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த முயற்சி.

எரிபொருளை மாற்றிவிட்டுச் சென்சாரை மாற்றாமல் விடுவது

டீசலில் ஓடிய பர்னரை எல்பிஜிக்கு மாற்றுவார்கள். வால்வு வரிசை, ரெகுலேட்டர், பைப் எல்லாம் புதுசு. சென்சார் மட்டும் பழைய ஃபோட்டோசெல். ஆயில் தீ மஞ்சளாக, பளிச்சென்று இருக்கும். அந்த வெளிச்சத்துக்காகச் செய்ததுதான் ஃபோட்டோசெல். சரியாக எரியும் கேஸ் தீ நீலமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதில் குறைவு, செல் அதைப் பார்க்காது. உடனே ஒருவர் காற்றைக் குறைத்துத் தீயை மஞ்சளாக்கி 'சரி பண்ணிவிடுவார்'. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும், பாய்லர் டியூபில் கரி ஏறும்.

கேஸுக்கு, தீயின் புற ஊதாக் கதிரைப் பார்க்கும் யுவி செல் வேண்டும். அல்லது தீக்குள் நின்று, தீ வழியாக மின்சாரம் போவதை வைத்துத் தீயைக் கண்டுபிடிக்கும் உலோகக் கம்பியான அயனைசேஷன் ராட் வேண்டும். ஆயில், கேஸ் இரண்டிலும் ஓடும் பர்னர் என்றால் யுவி. அயனைசேஷன் ராடை ஆயில் தீக்குள் விடக்கூடாது, கரி ஏறிவிடும்.

யுவி செல்லைச் சாகாவரம் பெற்றதாக நினைப்பது

யுவி செல் கெட்டிக்காரச் சாமான். சுமார் 190 முதல் 270 நானோமீட்டர் வரையிலான கதிரைத்தான் அது பார்க்கும். சூரிய ஒளியில் இருக்கும் அந்தக் கதிர்களை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் வெயில் பட்டாலும் ஏமாறாது. டியூப்லைட் வித்தை அதனிடம் செல்லாது.

ஆனால் அதற்கு வயதாகும். வயதான யுவி செல் தீயே இல்லாமல் தானாகவே மின்னத் தொடங்கி, 'தீ இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கக்கூடும். நான் மேலே சொன்ன இரண்டாவது பொய் இதுதான். பர்னர் நின்று மறுபடி கிளம்பும்போது கண்ட்ரோலர் இதைப் பிடித்துவிடும். ஸ்பார்க் வருவதற்கு முன்பே தீ தெரிகிறதே என்று லாக்அவுட் ஆகும். சில கண்ட்ரோலர்கள் பர்ஜ் நேரத்தில் செல்லுக்கு வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் கொடுத்து, அது தானாக மின்னுகிறதா என்று சோதிக்கும். பர்னர் நிற்காமலே ஓடினால்? அந்தச் சோதனை நடக்கவே நடக்காது.

அதனால்தான் சாதாரண சென்சார் உள்ள பர்னர் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நின்று கிளம்ப வேண்டும் என்பது ஈஎன் 298 ஐரோப்பிய விதி. நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் சூளைக்கும், எண்ணெயைச் சூடாக்கிச் சுற்றவிடும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டருக்கும் தன்னைத்தானே சோதிக்கும் ஸ்கேனர், அதாவது தீயைப் பார்க்கும் சென்சார், வேண்டும். அதற்குள் ஒரு ஷட்டர் இருக்கும். அது கண்ணை அவ்வப்போது மூடித் திறக்கும். மூடியிருக்கும்போதும் தீ தெரிவதாகச் சொன்னால் வால்வு மூடப்படும். விலை அதிகம்தான். ஆனால் நிற்காத பர்னரில் சாதாரண யுவி செல்லைப் போட்டு மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆயுள் கணக்கையும் பாருங்கள். 10,000 மணி நேரம் என்று போட்ட செல்கள் உண்டு. இரவு பகலாக ஓடும் ஆலையில் அது 14 மாதம்கூட வராது. ஐந்து வருஷமாக அதே செல் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது.

யுவியில் இன்னொரு பொறி கண்ணாடி. ஒரு இடத்தில் ஸ்கேனர் முன்னால் இருந்த குவார்ட்ஸ் கண்ணாடி உடைந்துவிட்டது. ஃபிட்டர் அதே அளவில் சாதாரணக் கண்ணாடியை வெட்டி, அழகாக ரப்பர் வைத்துப் பொருத்தியிருந்தார். எட்டிப் பார்த்தால் நீலத் தீ ஜம்மென்று தெரிகிறது. ஸ்கேனருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நமக்குத் தெரியும் வெளிச்சத்தை விடும் சாதாரணக் கண்ணாடி, அந்த யுவி கதிரை விடாது. இரண்டு செல் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆயில் மூடுபனி, புகை, நீராவி எல்லாமே இந்தக் கதிரை விழுங்கும். ஸ்கேனர் குழாயில் எப்போதும் சுத்தமான காற்று ஊதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். அந்தக் காற்று செல்லைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும்.

ஸ்கேனர் எதைப் பார்க்கிறது என்று பார்க்காமல் விடுவது

மெயின் தீயைப் பற்ற வைக்கும் சின்னத் தீதான் பைலட். பைலட் தீயும் மெயின் தீயும் சந்திக்கும் இடத்தைத்தான் ஸ்கேனர் பார்க்க வேண்டும். பைலட் ஒரு ஓரத்தில் சின்னதாக எரிந்து, ஸ்கேனர் அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டால், அந்தத் தீ மெயின் கேஸைத் தொடுமா தொடாதா என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. மெயின் வால்வை மூடி வைத்துக்கொண்டு, பைலட் கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். 'தீ இருக்கிறது' என்று ஸ்கேனர் சொல்லும் மிகச் சின்ன பைலட் எதுவோ அதில் நிறுத்துங்கள். பிறகு மெயினைத் திறந்தால் அந்தச் சின்ன பைலட்டே ஓரிரு வினாடியில் மெயினைப் பற்ற வைக்க வேண்டும். தாமதித்தால் உடனே மூடிவிட்டு, நன்றாகப் பர்ஜ் செய்து, ஸ்கேனரின் கோணத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து. பழகிய ஆள் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஆனால் செய்யாமல் பர்னரை ஒப்படைக்கவும் கூடாது.

ஸ்பார்க்கும் யுவி கதிர் வீசும். கேஸ் கை வால்வை மூடிவிட்டு ஸ்பார்க் மட்டும் வரவிட்டுப் பாருங்கள். சிக்னல் வந்தால் உங்கள் ஸ்கேனர் தீயைப் பார்க்கவில்லை, ஸ்பார்க்கைப் பார்க்கிறது. தீயின் அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் இன்ஃப்ராரெட் ஸ்கேனருக்கு எதிரி வேறு. பழுத்துச் சிவந்த செங்கல். தீ அணைந்த பிறகும் அந்தச் சூடு மினுங்கிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்து நாலு பர்னர் உள்ள ஃபர்னஸில் பக்கத்துத் தீயைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. மற்ற பர்னர்களை ஓடவிட்டு, ஒரு பர்னரை மட்டும் மூடி, அதன் சிக்னல் விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜெனரேட்டரில் மட்டும் லாக்அவுட்

ஈபி கரண்டில் நன்றாக ஓடும் கேஸ் பர்னர், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால் லாக்அவுட் ஆகும். ராடை மாற்றுவார்கள், கண்ட்ரோலரை மாற்றுவார்கள். விஷயம் ஜெனரேட்டர் ரூமில் இருக்கும்.

அயனைசேஷன் ராடுக்கு ஏசி வோல்டேஜ் கொடுக்கிறோம். தீக்குள் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் கஷ்டப்பட்டும் போகும். அதனால் சில மைக்ரோ ஆம்பியர் டிசி கரண்ட் மிஞ்சும். கண்ட்ரோலர் படிப்பது அதைத்தான். அந்தக் கரண்ட் ராடிலிருந்து தீ வழியாகப் பர்னர் உடம்புக்கு வந்து, எர்த் வழியாக நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் பண்ணாமல் விட்டிருந்தால் திரும்பும் வழியே இல்லை. தீ எரியும், சிக்னல் பூஜ்யம். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி வந்தாலும் இதே தொல்லை வரலாம். முதலில் மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்ன வோல்டேஜ் என்று பாருங்கள்.

தீயைத் தொடும் பர்னர் உலோகப் பரப்பு, ராடின் பரப்பைப் போலக் குறைந்தது 4 மடங்கு இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். பர்னர் முகத்தில் துரு ஏறினால், ராடைப் பளபளவென்று தேய்த்து வைத்தும் பயனில்லை. ராடைத் தாங்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்து அதில் கரி இறங்கினாலும் கரண்ட் அப்படியே கசிந்துவிடும்.

வயரிங்கில் ஒன்று சொல்லியாக வேண்டும். இக்னிஷன் கேபிளில் 10,000 வோல்ட் வரை போகும். சென்சார் கேபிளில் போவது மைக்ரோ ஆம்பியர். இரண்டையும் ஒரே ஃப்ளெக்சிபிள் குழாயில் போட்டு டேக் கட்டி வைப்பது பார்க்கத்தான் அழகு. தனித்தனியாகப் போடுங்கள். யுவி செல்லின் இரண்டு வயருக்கும் பிளஸ், மைனஸ் உண்டு. ஒரு நொடி மாற்றிக் கொடுத்தாலே கெட்டுப்போகும் செல்கள் இருக்கின்றன.

அளக்காமல், அணைத்துப் பார்க்காமல் ஓட்டுவது

பர்னர் புதிதாக, நன்றாக ஓடும் நாளில் சிக்னல் எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நான் பார்க்கும் ஒரு சின்ன ஆலையில் பேனல் கதவுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. ஷிஃப்ட் ஆபரேட்டர் தேதி போட்டு மைக்ரோ ஆம்பியர் எழுதுவார். 18, 18, 17, 15, 12. அந்தப் பன்னிரண்டைப் பார்த்ததும் போன் செய்தார். ராடின் நுனி எரிந்து கூம்பி இருந்தது. சனிக்கிழமை மாலை, பர்னர் நின்ற நேரத்தில் மாற்றிவிட்டோம். லாக்அவுட்டே ஆகவில்லை.

வாரம் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஆயில் பர்னர் என்றால் ஓடும்போது ஃபோட்டோசெல்லை உருவி உள்ளங்கையில் பொத்துங்கள். கேஸ் என்றால் கை வால்வை மூடுங்கள். காதை வால்வு பக்கம் வைத்து, கடிகாரத்தையும் பாருங்கள். ஐரோப்பிய விதியில் செய்த கண்ட்ரோலர் 1 வினாடிக்குள் வால்வை மூட வேண்டும். அமெரிக்க விதியில் 4 வினாடி வரை போகலாம். அதற்குள் 'டக்' என்ற சத்தம் வராவிட்டால் அந்தப் பர்னரை நிறுத்துங்கள், எரிபொருள் கை வால்வை மூடுங்கள், பேனலில் அட்டை எழுதி மாட்டுங்கள். டெலிவரிக்கு லாரி வாசலில் நின்றாலும் சரி, காரணம் தெரிகிறவரை அந்த அட்டை இறங்கக் கூடாது.