25ஆம் திகதி சம்பளம் கணக்கில் இருக்க வேண்டுமா? பின்னாலிருந்து எண்ணுங்கள்

சம்பளம் பிந்துகிற இடங்களில் பெரும்பாலும் நாட்கள் முன்னோக்கி எண்ணப்படுகின்றன. ஊழியர் வேலைக்கு வந்த நாட்களின் வரவுப் பதிவு முடியட்டும், கணக்குப் போடலாம். முதலாளி பார்க்கட்டும், வங்கிக்கு அனுப்பலாம். வங்கி போடுகிற நேரத்தில் போடட்டும் என்று வேலை நகரும். எண்ண வேண்டியது பின்னோக்கி. திருகோணமலை நகரத்துக்குக் கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ வரும் ஊழியர் ஏ.டி.எம்மில் கார்டைப் போடும் அந்தக் காலைப் பொழுதிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் வர வேண்டும். எண்ணும்போது கலண்டர் நாளை எண்ணக்கூடாது, வங்கி நாளை, அதாவது வங்கி திறந்து இயங்கும் நாளை, எண்ண வேண்டும்.

பணம் போகும் பாதை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் சம்பளம் மூன்று விதமாகக் கணக்குக்குப் போகிறது. உங்கள் நடைமுறைக் கணக்கு இருக்கும் அதே வங்கியில் ஊழியருக்கும் கணக்கு இருந்தால் அது உள்வங்கி மாற்றம்; அனுமதி கொடுத்த சிறிது நேரத்தில் விழுந்துவிடும். வேறு வங்கியென்றால் பெரும்பாலும் வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் லங்காபே நிறுவனம் நடத்தும் ஸ்லிப்ஸ் வழியாகப் போகும். இது தொகுதி தொகுதியாக, வங்கி நாட்களில் மட்டும் ஓடும். ஒவ்வொரு வங்கிக்கும் அன்றைய கோப்பை ஏற்க ஒரு கடைசி நேரம் உண்டு. அது தவறினால் கோப்பு அடுத்த வங்கி நாளுக்குத் தள்ளப்படும். மூன்றாவது செஃப்ட்ஸ். இதுவும் லங்காபேயின் வழிதான். போயா, ஞாயிறு, நள்ளிரவு எதுவும் பாராமல் உடனுக்குடன் போகும்.

உள்வங்கி மாற்றத்துக்கும் ஸ்லிப்ஸுக்கும் இடையிலுள்ள இந்த நேர வித்தியாசம் வேலைத்தலத்தில் நிறைய மனக்கசப்பை உண்டாக்குகிறது. ஒரே சமையலறையில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காலை 10 மணிக்கு எஸ்.எம்.எஸ் வருகிறது, மற்றவருக்கு மாலைவரை ஒன்றுமில்லை. தனக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்களோ என்று அவர் நினைப்பதில் பிழையில்லை. வேறு வங்கிக் கணக்குகளின் கோப்பை ஒரு வங்கி நாள் முந்தி, சம்பள நாளையே பெறுமதித் திகதியாக (பணம் கணக்கில் விழ வேண்டிய திகதியாக)ப் போட்டு ஏற்றிவிட்டு, உள்வங்கிக் கோப்பைச் சம்பள நாள் காலையில் விடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக விழும். எத்தனை நாள் முன்திகதியிட்டு ஏற்றலாம், கடைசி நேரம் எத்தனை மணி என்ற இரண்டையும் உங்கள் கிளையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக் கணக்காளரின் மேசையில் ஒட்டிவையுங்கள். வாய்ச்சொல் போதாது. கிளையில் ஆள் மாறினால் பதிலும் மாறும்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தை எடுத்து எண்ணிப் பார்ப்போம். சம்பள நாள் 25, அது சனிக்கிழமை. 23 வியாழன் வெசாக் போயா, 24 வெள்ளி வெசாக்குக்கு மறுநாள், 26 ஞாயிறு. நான்கு நாளும் வங்கி மூடியிருக்கும். 25 என்று திகதியிட்டு ஏற்றிய ஸ்லிப்ஸ் கோப்பு ஒன்றில் நிராகரிக்கப்படும், இல்லாவிட்டால் 27 திங்கள்தான் விழும். ஆகவே பணம் கணக்கில் இருக்க வேண்டிய நாள் 22 புதன். அதற்குக் கோப்பு ஏற்றி இரண்டு கையொப்பக்காரரும் அனுமதி கொடுக்க வேண்டியது 21 செவ்வாய். நடைமுறைக் கணக்கில் முழுத் தொகையும் இருக்க வேண்டியது 20 திங்கள். முதலாளி பட்டியலைப் பார்த்து முடிக்க வேண்டியது 17 வெள்ளி. வழமைபோல 15ஆம் திகதி வரவுப் பதிவை மூடினால் ஓ.டி (மேலதிக நேரக் கொடுப்பனவு), நோ பே (சம்பளமில்லா விடுப்பு), முற்பணக் கழிப்பு எல்லாவற்றையும் போட்டு முடிக்க 16, 17 என்ற இரண்டே நாட்கள் மிஞ்சும். 40 பேருள்ள ஹோட்டலுக்கு அது போதாது. அந்த மாதம் வரவுப் பதிவை 12ஆம் திகதியே மூடி, 13 முதல் 15 வரையான ஓ.டியை அடுத்த மாதத்தில் சேர்ப்பதாக ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வெசாக்குக்கு ஊர் போகும் கந்தளாய்ப் பிள்ளைகளுக்கு 22ஆம் திகதி கையில் காசு இருப்பதும், விடுமுறை கழிந்து 27ஆம் திகதி வருவதும் ஒன்றல்ல.

அதே ஆண்டு ஜனவரி 25, சம்பள நாள் அன்றே துருது போயா. அங்கே ஒரு நாள்தான் பின்னால் வர வேண்டும். ஆனால் அந்த ஒரு நாளைக் கவனிக்காவிட்டால் பணம் 26ஆம் திகதிக்குப் போய்விடும்.

கலண்டரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை மூன்றும் வேறுவேறு. தைப்பொங்கலுக்கு மூன்றும் உண்டு. தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி போன்றவை வங்கி விடுமுறைகள், ஆனால் வர்த்தக விடுமுறைகள் அல்ல. கடை திறந்திருக்கும், அலுவலகத்தில் ஆள் இருக்கும், கணக்காளரும் வேலை செய்துகொண்டிருப்பார், வங்கிதான் மூடியிருக்கும். கம்பனி திறந்திருப்பதை வைத்து அது வங்கி நாள் என்று எடுத்துக்கொள்வதால்தான் தீபாவளி மாதத்தில் சம்பளம் பிந்துகிறது. அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் வெளியானதும் 12 சம்பள நாட்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் விழும் நாள், அனுமதி நாள், கணக்கில் காசு இருக்க வேண்டிய நாள், வரவுப் பதிவு மூடும் நாள் என்று நான்கு திகதிகள் எழுதிவிடுங்கள். அரை நாள் வேலை, ஆண்டு முழுவதுக்கும் உதவும்.

சட்டம் தரும் எல்லை இதைவிடத் தளர்வானது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் மாதச் சம்பளத்தை அந்தக் காலம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கின்றன. கிழமைச் சம்பளமென்றால் 3 நாள். இந்தப் 10 நாளைக் கையிருப்பாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். ஊழியரின் வாடகை, லீசிங் தவணை, சீட்டுக் காசு எல்லாம் நீங்கள் சொன்ன திகதியை நம்பித்தான் நிற்கின்றன.

கோப்பு கெடுவது பெரும்பாலும் எக்செலில். ஸ்லிப்ஸ் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் 4 இலக்க வங்கிக் குறியீடு, 3 இலக்கக் கிளைக் குறியீடு, 12 இலக்கக் கணக்கு எண், பெயர், தொகை, பரிவர்த்தனைக் குறியீடு ஆகியவை வரும். சம்பளத்துக்குரிய குறியீடு 23. இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, கொமர்ஷல் வங்கி 7056, ஹற்றன் நஷனல் வங்கி 7083, சம்பத் வங்கி 7278, தேசிய சேமிப்பு வங்கி 7719. கணக்கு எண் 12 இலக்கத்துக்குக் குறைந்தால் முன்னால் சுழியம் இட்டு நிரப்ப வேண்டும். 0012345678 என்ற எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் முதல் இரண்டு சுழியங்களையும் விழுங்கிவிட்டு 12345678 என்று காட்டும். 12 இலக்க எண்ணைத் தட்டினால் 1.23457E+11 என்று சுருக்கும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வியாகச் சேமித்தால் சுருங்கிய உருவமே கோப்பில் பதிந்துவிடும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். தட்டத் தொடங்க முன்பே அந்த நிரல் முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். சி.எஸ்.வி எடுத்த பிறகு சரிபார்க்க மறுபடி எக்செலில் திறந்து சேமிக்கவே கூடாது. நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தெரிவதுதான் வங்கிக்குப் போவது. 12 இலக்கத்தைவிட நீண்ட கணக்கு எண்களும் உண்டு. எந்த இலக்கங்களை விட வேண்டுமென்று அந்த வங்கியிடமே கேளுங்கள், ஊகத்தில் வெட்டாதீர்கள்.

எண் தவறானால் இரண்டில் ஒன்று நடக்கும். அப்படியொரு கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வரும், ஆனால் உடனே வராது. அந்த எண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்று எல்லா வங்கியும் தடுத்து நிறுத்தும் என நம்பியிருக்க முடியாது. ஆகவே புதிய ஊழியரிடம் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் தட்டியனுப்பச் சொல்லாதீர்கள். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் படத்தை வாங்குங்கள். பிறகு செஃப்ட்ஸில் 100 ரூபாய் அனுப்பி, வந்ததை அவர் தன் கைப்பேசியில் காட்டிய பின் பட்டியலில் சேருங்கள். இது நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு மிகவும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் பழைய கணக்கு பல மாதங்களாகப் பயன்படாமல் உறங்குநிலைக்குப் போயிருக்கலாம். ஏப்ரலிலேயே அந்த 100 ரூபாயை அனுப்பிப் பார்த்தால் முதற் சம்பளம் தடுமாறாது.

அனுமதி கொடுக்கும் ஆள்தான் அடுத்த தடை. கோப்பை ஏற்றுபவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர் அல்லது இருவர் என்ற ஒழுங்கு நல்லது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் கோப்பு வங்கி இணையத்தளத்தில் ஏறியதை வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவது அனுமதி விழாதவரை அது வெறும் காத்திருப்பு. முதலாளி இரவு ரயிலில் கொழும்புக்குப் போயிருப்பார், ஓ.டி.பி வரும் சிம் வீட்டில் கிடக்கும். வெள்ளிக்கிழமை பகல் என்றால் ஜும்ஆவுக்குப் போயிருப்பார், அவர் திரும்புவதற்குள் வங்கியின் கடைசி நேரம் கடந்துவிடும். அனுமதியை எப்போதும் சம்பள நாளுக்கு முந்திய வங்கி நாளின் காலைக்கு வையுங்கள். மூன்றாவது கையொப்பக்காரர் ஒருவரை மாற்றாளாகப் பதிவுசெய்து வைப்பதும் அவசியம். வங்கியில் இதற்குப் பணிப்பாளர் சபைத் தீர்மானம் கேட்பார்கள், நாளெடுக்கும், அவசரம் வந்த பிறகு செய்ய முடியாது.

கணக்கில் காசு இருப்பதும் செலவழிக்கக்கூடிய காசு இருப்பதும் வேறு. பயண முகவர் தந்த வேறு வங்கிக் காசோலையை இன்று போட்டால் அது அடுத்த வங்கி நாளில்தான் தேறும், கடைசி நேரத்துக்குப் பிறகு போட்டால் இன்னும் ஒரு நாள் கூடும். மீதியில் தொகை தெரிந்தாலும் அது தேறாத பணம். அதை நம்பி ஏற்றிய கோப்பு போதிய நிதியின்றி நிராகரிக்கப்பட்டால், பல வங்கிகளில் ஒருவருடையது மட்டுமல்ல, முழுக் கோப்பும் நின்றுவிடும். சம்பளத் தொகையை இரண்டு வங்கி நாள் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

அனுமதிக்க முன் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, கடந்த மாதத்தோடு உள்ள வித்தியாசத்தை. தலை எண்ணிக்கை எத்தனை, புதிதாக யார், யார் விலகினார், எவருடைய நிகரச் சம்பளம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது அல்லது குறைந்தது என்று ஒரு பக்கத்தில் எடுத்தால் முதலாளிக்குப் பத்து நிமிடம் போதும். விலகிய ஊழியரின் பெயர் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான் பிடிபடும்.

இத்தனையும் செய்தும் பிந்திவிட்டால் முதலில் வங்கித் தளத்தில் கோப்பின் நிலையைப் பாருங்கள். செயலாக்கத்தில் என்று இருக்கும்போது, போகவில்லை என நினைத்து இரண்டாம் முறை ஏற்றினால் எல்லோருக்கும் இரட்டைச் சம்பளம் போகும். அதைத் திரும்பப் பெறுவது பிந்தியதைவிடப் பெரிய துன்பம். கோப்பு நிராகரிக்கப்பட்டது உறுதியானால் செஃப்ட்ஸில் ஒவ்வொன்றாக அனுப்பலாம், விடுமுறையிலும் போகும். ஆனால் உங்கள் இணையக் கணக்கின் நாளாந்த வரம்பு குறுக்கே நிற்கும், ஒரே நாளில் எல்லோருக்கும் போதாமல் போகலாம். அப்போது குறைந்த சம்பளக்காரரிலிருந்து தொடங்குங்கள். துப்புரவு, சமையலறை, காவல் முதலில், முகாமையாளர் கடைசி. தனியாகத் திரும்பி வந்த பணமென்றால், அது உங்கள் கணக்கில் மீண்டும் வரவு வைக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பிறகே திருத்திய எண்ணுக்கு அனுப்புங்கள்.

ஊழியருக்கு அவர்கள் கேட்க முன் சொல்லிவிட வேண்டும். ‘சம்பளம் இன்று வராது. வேறு வங்கிக் கணக்குகளுக்கு நாளை, புதன், மாலைக்குள் வரும். அவசரத் தேவை உள்ளவர்கள் இன்று 3 மணிக்கு முன் அலுவலகத்தில் 5,000 ரூபாய் முற்பணம் வாங்கலாம்.’ இவ்வளவு போதும். நாளும் நேரமும் இல்லாத மன்னிப்பு எவருக்கும் உதவாது. மூதூரிலிருந்து பஸ் ஏறி நகரத்து ஏ.டி.எம்முக்கு வருபவரின் அந்தப் பயணத்தை இந்தச் செய்தி மிச்சப்படுத்தும்.

சம்பளத்தோடு பிறக்கும் மற்றக் கொடுப்பனவுகளுக்கு வேறு திகதிகள். சம்பளத்தில் கழித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனத்தின் 3 சதவீதமும் அடுத்த மாத முடிவுக்குள் போக வேண்டும். சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டு கடந்தால் 50 சதவீதம் வரை ஏறும். அந்த மாத இறுதி நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் இங்கேயும் அதே கணக்குத்தான்: முந்திய வங்கி நாள். புத்தாண்டு மாதத்தில் பண்டிகை முற்பணமும் சேர்கிறது. 2025இல் ஏப்ரல் 12 சனி பக் போயா, 13 ஞாயிறு, 14 திங்கள் புத்தாண்டு என்று வந்ததால், முற்பணம் 11 வெள்ளிக்குள் கணக்கில் விழ வேண்டியிருந்தது. கோப்பு 10ஆம் திகதி காலையில் அனுமதி பெற்றிருக்க வேண்டும், விண்ணப்பங்களை மார்ச் மாதத்திலேயே வாங்கியிருக்க வேண்டும்.