அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் வைத்து ஒருவரோடொருவர் தொடர்புகொள்பவர்களின் அமைப்பே அமெச்சூர் வானொலிச் சங்கம். ஒரு நாட்டின் அத்தகைய சங்கத்துக்கு வரலாறு எழுத முற்படுபவர், அச்சங்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எளிதாகத் தோன்றும் இக்கேள்விதான் பலரை இடறவைக்கிறது. பிரிட்டனில் 1913இல் லண்டன் வயர்லெஸ் கிளப்பாகத் தொடங்கிய அமைப்பு, அதே ஆண்டில் வயர்லெஸ் சொசைட்டி ஆஃப் லண்டன் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 1922இல்தான் ரேடியோ சொசைட்டி ஆஃப் கிரேட் பிரிட்டன் ஆயிற்று; இன்றைய பெயரை மட்டும் தேடிச் செல்பவருக்கு முதல் ஒன்பது ஆண்டுகள் கண்ணில் படமாட்டா. ஆகவே பெயர் மாற்றங்களை ஆண்டு வரிசையில் தனித்தாளில் குறித்துக்கொண்ட பிறகே கூட்டக் குறிப்பேடுகளைத் திறக்க வேண்டும்.

அடுத்து, சங்கம் எந்தத் தேவைக்காகத் தோன்றியது என்று தேடுங்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டிலிருந்த அமெச்சூர் ஹைரம் பெர்சி மேக்சிம் அனுப்பிய செய்தி ஸ்பிரிங்ஃபீல்டை நேராக எட்டாததால், இடையிலிருந்த மற்றொரு நிலையத்தின் வழியாக அதை அனுப்ப நேர்ந்தது. அந்த அனுபவமே 1914இல் அந்நாட்டு அமெச்சூர் சங்கமான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் உருவாகக் காரணமாயிற்று. கைமாற்றி அனுப்புவதைக் குறிக்கும் ‘ரிலே’ என்ற சொல் இன்றும் அப்பெயரில் நிற்கிறது.

தேதியில்லாத அட்டையோ கடிதமோ கிடைத்தால், அதிலுள்ள அழைப்புக்குறியை, அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் தரப்படும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளத்தைப் பாருங்கள். 1924 அக்டோபர் 18இல் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லுடன் தொடர்புகொண்ட லண்டன் மாணவர் செசில் கோய்டரின் குறி 2எஸ்இசட் என எண்ணில் தொடங்கியது. நாட்டைக் காட்டும் முன்னெழுத்துகள் 1927 வாஷிங்டன் மாநாட்டுக்குப் பிறகே முறைப்பட்டன என்பதால், இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே காகிதத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். தொடர்புகளைப் பதிவுசெய்யும் லாக் புத்தகத்திலுள்ள நேரம் உள்ளூர் நேரமா கிரீன்விச் நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டிய தொடர்புகளில் தேதியே ஒரு நாள் பிசகிவிடும்.

போர்க்கால இடைவெளியை ‘செயல்பாடு இல்லை’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவது, என் பார்வையில், இத்தகைய வரலாறுகளில் காணப்படும் பெரிய குறை. 1939இல் பிரிட்டனில் அமெச்சூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆயினும் அதே அமெச்சூர்களில் பலர், ரேடியோ செக்யூரிட்டி சர்வீஸ் என்ற பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்காகத் தத்தம் வீடுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எதிரி உளவு நிலையங்களின் மோர்ஸ் குறிகளை இரவெல்லாம் எழுதியெடுத்தனர். அப்பணி இரகசியமானது என்பதால் சங்க ஏடுகளில் அதைத் தேடிப் பயனில்லை. அக்காலத்துக்கு அரசு ஆவணக் காப்பகங்களையும் உறுப்பினர்களின் குடும்பங்களையும் நாட வேண்டும்.

மூத்த உறுப்பினர்களைச் சந்திக்கும்போது, பொதுவாக நினைவுகளைக் கேட்பதைவிட, ஒரு கியூஎஸ்எல் அட்டையை (வானொலித் தொடர்பை உறுதிசெய்து அனுப்பும் அஞ்சலட்டை) கையில் கொடுத்து அந்தத் தொடர்பைப் பற்றிக் கேட்டால் பேச்சு தெளிவாக வரும். அவர் சொல்லும் ஆண்டை அட்டையோடும் சங்க இதழோடும் ஒப்பிட்ட பின்னரே எழுதுங்கள். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர்கள் ‘சைலண்ட் கீ’ என்று குறிப்பிடும் மறைந்த உறுப்பினர்களின் அட்டைகள், வீட்டைக் காலிசெய்யும்போது பழைய காகிதத்தோடு போய்விடுவதுண்டு. எனவே குடும்பத்தாரிடம் தாமதமின்றி அனுமதி பெற்று, அஞ்சல் முத்திரை தெரியும்படி அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள்.