கெட்ட வார்த்தை எது? பேச்சில் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மீன் வாங்கிப் பழகிய எவரும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசைக் கொடுப்பதில்லை. காலையில் நல்ல மீனாகக் கரைக்கு வந்த சூரைதான், ஐஸ் இல்லாமல் மதியம்வரை வெயிலில் கிடந்தால், உண்டவர் உடம்பைத் தடிக்கச் செய்கிறது. எபேசியர் 4:29 இல் ‘கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்’ என்று எழுதும் பவுல், ‘கெட்ட’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘சப்ரோஸ்’ என்னும் சொல்லைக் கையாளுகிறார். மத்தேயு 13:48 இல் வலையிலிருந்து எறியப்படும் ஆகாத மீன்களைக் குறிப்பதும் அதே சொல்தான். ஆகவே, தூஷணம் பேசுவதை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு இந்த வசனத்தைக் கடந்துபோக முடியாது. சபைக்குப் போகிறவர்களின் வாயில் தூஷணம் அரிது. நல்லதாகப் புறப்பட்டு, போகும் வழியில் பழுதாகிவிடும் பேச்சுத்தான் நம்மிடம் மிகுதி.

அவற்றுள் மிகவும் கண்ணுக்குப் படாதது, ஜெபக் குறிப்பாக வரும் புறங்கூறல். வீட்டு ஜெபக்கூட்டத்தில் ‘அந்த அக்காவின் மகனுக்காகக் கட்டாயம் ஜெபிக்க வேணும்’ என்று ஒருவர் தொடங்குகிறார். பிளேன்டீ வந்து சேர்வதற்குள், அவன் எந்த நாட்டில் யாருடன் இருக்கிறான், வீட்டுக்குக் காசு அனுப்பி எத்தனை மாதமாகிறது என்பதெல்லாம் பாயில் இருந்த அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள். ஜெபம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் அடுத்த வாரம் அதே பாயில் வந்து இருக்கும்போது, எவர் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பதற்கு அந்த ஜெபம் பொறுப்பேற்பதில்லை. மத்தேயு 18:15, குற்றம் செய்த சகோதரனிடத்திலேகூட ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ பேசச் சொல்கிறது. குற்றம் எதுவும் செய்யாத தாயின் துயரத்தைப் பலர் முன்னால் விரிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? பெயரும் விவரமும் சொல்லாமலே ஜெபிக்கலாம். கர்த்தருக்கு அவை முன்பே தெரியும்.

இச்சையடக்கத்தை வாய்மூடியிருப்பதாகவே விளங்கிக்கொள்வது இன்னொரு தவறு. இதில் நான் தேர்ச்சி பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம். மனைவியோடு மனத்தாங்கல் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை. பிட்டும் மீன்குழம்பும் மேசைக்கு வரும், ‘குழம்பு இன்னும் கொஞ்சம் விடட்டோ?’ என்ற கேள்வியும் வரும், என்னிடமிருந்து ‘ம்’ மட்டும் போகும். இப்படி இரண்டு நாள் இருந்துவிட்டு, கோபத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எனக்குள்ளே பெருமைப்பட்டிருக்கிறேன். யாக்கோபு 3:4 நாவைக் கப்பலின் சுக்கானோடு ஒப்பிடுகிறது. சீனன்குடாவில் உள்ள மா ஆலைக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல்களைத் துறைமுகத்தில் பார்த்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: கப்பலை நிறுத்துவது நங்கூரத்தின் வேலை, திருப்புவதே சுக்கானின் வேலை. நாவை அடக்குவதென்பதும் பேச்சை நிறுத்திவிடுவதன்று, அதை உரிய திசைக்குத் திருப்புவதாகும்; ‘எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது, பின்னேரம் பேசுவோம்’ என்ற ஒரு வாக்கியம், இரண்டு நாள் மௌனத்தைவிட அடக்கமானது. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்ற எபேசியர் 4:26 இன் கட்டளையும் மௌனத்தால் நிறைவேறுவதில்லை.

செத்தவீட்டில் விளக்கம் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் நம் கரையோரத்தில் வாழ்கிறார்கள்; அவர்களிடம் ‘எல்லாம் தேவசித்தம்’ என்று கூறுவது கூறுகிறவரின் பதற்றத்தைத்தான் தணிக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையிலே பேசாமல் உட்கார்ந்திருந்தவரை தவறு செய்யவில்லை; வாயைத் திறந்த பிறகே தவறினார்கள்.

பிற சமயத்தாரைப் பற்றிய பேச்சிலும் நமக்குக் கவனம் போதாது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே நாளில் காதில் விழும் ஊர் இது. கிருபை பொருந்தி உப்பால் சாரமேறிய பேச்சைக் கேட்கும் கொலோசெயர் 4:6 ஐ நாம் சபைக்குள் பேசுவதற்கான வசனமாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம்; அதற்கு முந்திய வசனமோ ‘புறம்பேயிருக்கிறவர்களுக்கு முன்பாக’ எப்படி நடப்பது என்பதைப் பற்றியது. போதகரிடம் ‘ஐயா’ என்று குழையும் வாய், மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானாவிடமும் குப்பை அள்ளவரும் தொழிலாளியிடமும் ‘நீ, வா, போ’ என்று பேசுமானால், அந்த மரியாதையை நல்ல பழக்கம் என்று மட்டுமே சொல்லலாம், கிருபை என்று சொல்ல முடியாது.

தவறிப் பேசிய பின் கேட்கும் மன்னிப்பிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ‘நான் சொன்னது பிழைதான், ஆனால் நீங்களும்…’ என்ற வாக்கியத்தில் ‘ஆனால்’ வந்தவுடன் மன்னிப்பு முடிந்து வழக்குத் தொடங்கிவிடுகிறது. ‘ம்’ என்றே ஓடிய அந்த இரண்டு நாளின் முடிவில், குசினி வாசலில் நின்று, ‘பேசாமல் இருந்தது என்னுடைய பிழை’ என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தி நிமிர்ந்து, அந்த ‘ஆனால்’ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.