வாட்டர்லூ மேட்டுக்குப் பின்னால் கேரம் காய்கள்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் மச்சானும் பொம்மைப் படைகளை வைத்து வாட்டர்லூ போரை நான்கு முறை விளையாடினோம், நான்கிலும் ஒரே கதைதான். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் மறைத்து நிறுத்தினார். என் மேசையிலோ நெப்போலியனாக உட்கார்ந்திருக்கும் மச்சானுக்கு எல்லாமே தெரியும். பழைய பாடப்புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்திய மேடு, உயரம் இரண்டு அங்குலம். கழுத்தை நீட்டிப் பார்த்து, எங்கே ஆள் குறைவோ அங்கேயே அடிப்பார்.

மேட்டை உயர்த்திப் பார்த்தேன், பொம்மைகள் சரிந்து ஒரு குதிரைவீரனின் வாள் உடைந்ததுதான் மிச்சம். அப்புறம் கேரம் காய்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிப் படைப்பிரிவின் எண்ணை எழுதினேன்; ஆறு காய்களில் மட்டும் எதுவும் எழுதவில்லை, அவை ஏமாற்றுக் காய்கள். இப்போது பின்சரிவில் பொம்மையே கிடையாது. எதிரி உச்சிக்கு ஏறினாலோ என் ஆள் சுட்டாலோதான் காயைத் திருப்பிப் பொம்மையை வைப்பேன். பார்வைக்கு எட்டாத இடத்தில் பீரங்கிக் குண்டு விழுந்தால் பாதிச் சேதம்தான் (முந்தைய இரவு மழையில் மண் ஊறிக் கிடந்ததையும் இதிலேயே சேர்த்துவிட்டேன்).

போன வாரம் மச்சான், நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே அன்று செய்ததையே செய்தார்: போதிய காலாட்படைத் துணை இல்லாமல் குதிரைப்படையை மேட்டில் ஏற்றினார். காய்களைத் திருப்பினேன், வரிசையாகச் சதுர வியூகங்கள், குதிரைப்படையைத் தடுக்கக் காலாட்படை நிற்கும் முறை. மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, தே தாரிக் ஆறிப்போனது. இனி வெலிங்டனுக்குத் துணையாகப் பிரஷ்யர்கள் வரும் நேரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும், மச்சானுக்கு அது மனப்பாடம்.