கரன்ட் வைத்த வாயில் பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். 33 தடவை ரேடியேஷன், நம் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல 'கரன்ட் வைத்தல்', முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கடைவாய்ப்பல் வலித்தது. தெரு முனையில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாயைப் பார்த்துவிட்டு, "ஒரு பல்தானே, பிடுங்கிடலாம்" என்றார். ஊசி போடும் நேரத்தில்தான், ஏதோ தோன்றி, கரன்ட் வைத்த விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

காரணம் இதுதான். ரேடியேஷன் பட்ட தாடை எலும்புக்கு, முக்கியமாகக் கீழ்த்தாடைக்கு, ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே வெளியே தெரிந்து அழுகலாம். பத்து வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது. அதனால் யாரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பல சமயம் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, மேல் பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டுவைக்க முடியும். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால் புற்றுநோய் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இன்னும் கரன்ட் ஆரம்பிக்கவில்லையா? அப்படியானால் இப்போதே பல்லைக் காட்டுங்கள், மோசமான பல்லை முன்கூட்டியே எடுத்துவிட்டு, புண் ஆற இரண்டு மூன்று வாரமாவது விடுவார்கள்.

சரி, பிடுங்கும் நிலைமையே வராமல் பார்ப்பது எப்படி? எச்சில்தான் இத்தனை வருஷமாகப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது கரன்ட் வைத்து அது வற்றிய பிறகுதான் புரிகிறது. கரன்ட் வைத்தவர்களுக்குச் சொத்தை மெல்லும் இடத்தில் வருவதைவிட ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்தைச் சுற்றி வருவதுதான் அதிகம், கவனிக்காவிட்டால் பல் அப்படியே முறிந்து கையோடு வந்துவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஃபுளோரைடு ஜெல். டாக்டர் அச்சு எடுத்து மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என்று மெல்லிசாக ட்ரே செய்து கொடுத்தார். ராத்திரி பல் தேய்த்த பிறகு அதில் கொஞ்சம் ஜெல் தடவி மாட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்காமல் பத்து நிமிஷம். அப்பா அந்த நேரத்தில் பேச முடியாமல் கையை ஆட்டியே டிவி சேனலை மாற்றச் சொல்வார். எடுத்ததும் துப்ப வேண்டும், வாய் கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. இது தினமும், ஆயுசுக்கும். கடைப் பற்பசையைவிடப் பல மடங்கு வீரியம் என்பதால் சீட்டு எழுதி வாங்குங்கள். ஆயில் புல்லிங் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதை நம்பி ஜெல்லை விட்டுவிடாதீர்கள்.

கொப்பளிக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், இன்னும் வறட்டும், வேண்டாம். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாய் சப்புவது நம் ஆட்களின் பழக்கம், ஆனால் வறண்ட வாயில் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் பல் கரைந்துபோகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் பரவாயில்லை. பாட்டிலில் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டை ரசமோ மோரோ விட்டுக் குழைத்துக் கொடுங்கள், காரம் குறைவாக. வெற்றிலை பாக்கு, புகையிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வாய் திறப்பது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் தாடைத் தசை இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே காட்டுங்கள். அப்பா ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பழகினார், சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவோம். வலி பொறுக்கிற அளவுதான், எத்தனை தடவை என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

நாக்கில் துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம், மருந்தில் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், ஈறில் நாக்குக்குத் தட்டுப்படும் எலும்பு, புதிதாக ஒரு கட்டி, இவற்றுக்கு அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

எந்த இடத்துக்கு எவ்வளவு கரன்ட் வைத்தார்கள் என்று எழுதியிருக்கும் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அவருடைய பஸ் பாஸோடு.