கிட் அமைப்புகளை விளக்கும் கையேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கு, எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்காகக் கையேடு ஒன்று எழுதினேன். பெயரைப் பதியும் கட்டளையில், மேற்கோள் குறிகளுக்குள் ‘உங்கள் பெயர்’ என்று போட்டிருந்தேன். புதிதாக வந்த பெண் ஒருவர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டி இயக்கினார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அவர் செய்த கமிட்டுகள் (கிட்டில் பதிந்த மாற்றங்கள்) அத்தனையும் ‘உங்கள் பெயர்’ என்பவர் கணக்கில் இருந்தன. அவர்மேல் குற்றமே இல்லை. இந்தப் பெயர் எங்கே போய் உட்காரும் என்று கையேடு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இத்தகைய கையேடுகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். கட்டளையைத் தந்துவிடுகிறோம், அது எந்தக் கோப்பில் எழுதப்படுகிறது, அதன் ஆட்சி எதுவரை என்பதை விட்டுவிடுகிறோம்.

பெயரையும் மின்னஞ்சலையுமே எடுத்துக்கொள்ளுங்கள். நிரல்களை இணையத்தில் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்நுழைவதற்கான விவரம் என்றே புதியவர்கள் பலரும் இதை நினைக்கிறார்கள். உள்நுழைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘இதைச் செய்தவர் இன்னார்’ என்று ஒவ்வொரு கமிட்டிலும் பொறிக்கப்படும் முத்திரை இது. பின்னால் அமைப்பை மாற்றினால் இனி வரும் கமிட்டுகளில்தான் புதிய பெயர் வரும். பழையவை அப்படியே கிடக்கும். பெயரையும் சேர்த்தே கமிட்டின் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. ஆகவே பழைய பெயரைத் திருத்தினால் அந்தக் கமிட்டின் எண்ணும், அதைத் தொடர்ந்து வந்தவற்றின் எண்களும் மாறிவிடும். குழுவோடு பகிர்ந்துவிட்ட வரலாற்றில் இது பெரும் தொல்லை. களஞ்சியம், அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்திருக்கும் இடம், பொதுவில் இருந்தால் மின்னஞ்சல் முகவரியும் எல்லார் கண்ணிலும் படும். இவ்வளவையும் கட்டளைக்கு முன்பே சொல்ல வேண்டும். பின்குறிப்பில் சொல்லிப் பயனில்லை.

கட்டளையில் வரும் ‘குளோபல்’ என்ற சொல்லை விளக்காமல் கடந்துபோவதும் அப்படித்தான். கிட் அமைப்புகளுக்குப் பொதுவாக மூன்று இடங்கள் உண்டு: கணினி முழுமைக்கும் ஒரு கோப்பு, பயனரின் முகப்புக் கோப்புறையில் ‘.கிட்கான்ஃபிக்’ என்ற கோப்பு, ஒவ்வொரு களஞ்சியத்திலும் ‘.கிட்’ கோப்புறைக்குள் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பு. ஒரே அமைப்பு மூன்றிலும் இருந்தால் களஞ்சியத்தில் உள்ளதே செல்லும். ஊர் வழக்கம் எதுவானாலும் வீட்டுக்குள் வீட்டு வழக்கம்தானே. ‘குளோபல்’ என்பது நடுவில் உள்ள இடம். அந்த ஒரு பயனருக்கு மட்டுமே உரியது. களஞ்சியத்துக்கு வெளியே நின்றுகொண்டு அந்தச் சொல் இல்லாமல் கட்டளையிட்டால் கிட் பிழை காட்டி நின்றுவிடும். உள்ளே நின்று இட்டால் அந்தக் களஞ்சியத்தோடு சரி. அடுத்த களஞ்சியத்தில் ‘நீங்கள் யார்’ என்று மறுபடி கேட்கும். ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்று புதியவர் வந்து நிற்பது இதனால்தான். அமைப்புகளைப் பட்டியலிடும்போது ‘ஷோ-ஆரிஜின்’ என்று சேர்த்தால், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று கிட்டே காட்டிவிடும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதற்கு இடம் கொடுங்கள்.

வரி முடிவு விவகாரத்தில் நடப்பது இன்னும் மோசம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸும் மேக்கும் ஒரு குறியை மட்டுமே வைக்கும். ஒரு வரியை மட்டும் திருத்தியவருக்குக் கோப்பு முழுவதுமே மாறியதாகக் கிட் காட்டினால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வரி முடிவுகளைத் தானாக மாற்றும் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ அமைப்பை ‘ட்ரூ’ என்று வையுங்கள் என எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது விண்டோஸுக்கான மதிப்பு. லினக்ஸில் அப்படி வைத்தால், களஞ்சியத்திலிருந்து எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகளில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளில்) விண்டோஸ் வரி முடிவு ஏறி, அவை இயங்காமல் போகலாம். மேலும், கான்ஃபிக் கோப்புகள் யாருடைய கணினியிலிருந்தும் களஞ்சியத்தோடு பயணம் செய்வதில்லை. குழு முழுவதும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டுமென்றால் அதை ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் எழுதிக் கமிட் செய்வதே முறை.

கடவுச்சொல்லை நினைவில் வைக்க ‘ஸ்டோர்’ முறையைப் பரிந்துரைக்காதீர்கள். அது கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கோப்பில் சேமிக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இதற்கெனப் பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன. எடிட்டரை அமைப்பதையும் மறக்க வேண்டாம். விம் என்ற எடிட்டர் திறந்துகொள்ள, அதிலிருந்து வெளியேறத் தெரியாமல் டெர்மினலையே மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்குபவர்கள் விட்டுவிடும் அமைப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மட்டுமே கோப்புப் பெயர் வைப்பவருக்கு அது தேவைப்படுவதே இல்லை. ‘தமிழ்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்துக் கிட்டின் நிலையைக் கேட்டுப் பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் \340\256\244 என்று தொடங்கும் எண் வரிசை நிற்கும். அந்த மூன்று எண்களும் ‘த’ என்ற ஓர் எழுத்து. முழுப் பெயருக்கு இப்படிப் பதினைந்து எண்கள். கோப்பு பழுதாகிவிட்டது என்று பயந்து, பெயரையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘கோர்.க்வோட்பாத்’ (core.quotePath) என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று ‘குளோபல்’ நிலையில் வைத்துவிட்டு மறுபடி நிலையைக் கேட்டால், அதே இடத்தில் ‘தமிழ்’ என்றே இருக்கும்.